உருபுக்கு முன் வாக்கியம்: புடாபெஸ்டில் ஒரு தொடக்கநிலை ஹங்கேரிய வகுப்பு

ஹங்கேரிய மொழியைக் கற்கத் தொடங்குகிறேன் என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் தவறாமல் நினைவூட்டுவது வேற்றுமைகளின் எண்ணிக்கையைத்தான். பதினெட்டு என்பார்கள்; இலக்கணக்காரர் எதை உருபாகக் கொள்கிறார் என்பதைப் பொறுத்து அந்த எண் கூடும், குறையும். தொடக்க நூல்கள் பலவும் இந்த அச்சத்தையே வளர்க்கின்றன. முதல் சில பக்கங்களிலேயே உருபு அட்டவணையை விரித்து வைத்துவிட்டு, வாக்கியம் எப்படி அமைகிறது என்பதைப் பின்னுக்குத் தள்ளிவிடுகின்றன. புடாபெஸ்டில் அயல்நாட்டவருக்கென ஒரு சிறிய மொழிப்பள்ளி நடத்தும் தொடக்கநிலை மாலை வகுப்பு இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றியிருக்கிறது. முழுப் பருவமும் அங்கே படித்தவன் என்ற முறையில், அந்த வகுப்பு எதைச் சரியாகச் செய்கிறது, எங்கே குறைவைக்கிறது என்பதைத் தமிழ் வாசகர்களுக்காக எழுதுகிறேன். ஹங்கேரிய அரசின் ஸ்டிபெண்டியும் ஹுங்கரிகும் உதவித்தொகை 2013இல் தொடங்கப்பட்ட பிறகு இந்திய மாணவர்கள் பலர் இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு வருகிறார்கள். அவர்களில் தமிழர்களும் உண்டு. அவர்களுக்கு இம்மதிப்புரை நேரடியாகப் பயன்படும் என்று நம்புகிறேன்.

வகுப்பு வாரத்தில் இரண்டு மாலைகள், ஒவ்வொரு முறையும் 90 நிமிடங்கள் நடக்கிறது. ஒரு குழுவில் பத்துப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. ஆங்கிலம் விளக்கமொழி, ஆனால் முதல் மாதம் கடந்தபின் ஆசிரியை ஆங்கிலத்தைப் படிப்படியாகக் குறைத்துவிடுகிறார். கட்டணம் இந்நகர நிலவரத்துக்கு நடுத்தரமானது. பயிற்சி ஏட்டுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

இனி எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். ஹங்கேரிய நெடுங்கணக்கில் 44 எழுத்துகள் இருக்கின்றன, அவற்றுள் 14 உயிரெழுத்துகள். அவ்வளவையும் நம் எழுத்தால் பிரித்துக் காட்ட முடியாது என்பதால் இவற்றைத் தோராய ஒலிப்பாகவே கொள்ள வேண்டும். எஸ் என்னும் எழுத்து தனியே வந்தால் ஷகர ஒலி, அதனோடு இஸட் சேர்ந்தால் ஸகர ஒலி என்ற ஒன்றை மட்டும் முதல் நாளே மனத்தில் இருத்திக்கொண்டால் பெயர்ப்பலகைகளைப் படிப்பதில் பாதித் தொல்லை தீர்ந்துவிடும். அழுத்தம் எப்போதும் சொல்லின் முதல் அசையில்தான் விழும் என்பதும் பெரிய உதவி.

முதல் பாடம் வினையே இல்லாத வாக்கியம். ‘ஏவா தனார்’ என்றால் ஏவா ஆசிரியர். ‘இருக்கிறார்’, ‘ஆவார்’ போன்ற எதுவும் அதில் இல்லை. ஆங்கிலத்தில் பழகிய மாணவர்கள் இங்கே எதையோ விட்டுவிட்டதுபோல் தடுமாறுகிறார்கள். தமிழருக்கு இதைவிட இயல்பான வாக்கியம் வேறில்லை. ஆனால் இந்த விடுபாடு படர்க்கையில், நிகழ்காலத்தில் மட்டுமே செல்லும். ‘நான் ஆசிரியர்’ என்பதற்கு ‘தனார் வஜொக்’ என்று வினையைச் சேர்த்தே ஆக வேண்டும். இறந்தகாலத்தில் ‘ஏவா தனார் வொல்த்’, அதாவது ஏவா ஆசிரியராக இருந்தார் என்று வினை தானாகவே திரும்பி வந்துவிடுகிறது. இருக்கும் இடத்தைச் சொல்லும்போதும் வினை தேவை: ‘ஏவா ஒத்ஹொன் வன்’, ஏவா வீட்டில் இருக்கிறார்.

இவ்விரண்டு வகை வாக்கியங்களையும் எதிர்மறையாக்கும்போது வகுப்பின் திறமை தெரிகிறது. ‘ஏவா நெம் தனார்’ என்பது ஏவா ஆசிரியர் அல்லர் என்பதற்கு நேர். ‘ஏவா நிஞ்ச் ஒத்ஹொன்’ என்பது ஏவா வீட்டில் இல்லை என்பதற்கு நேர். ‘நெம்’ தன்மையை மறுக்கிறது, ‘நிஞ்ச்’ இருப்பை மறுக்கிறது. பேச்சுத்தமிழ் இரண்டையும் ‘இல்லை’ என்ற ஒன்றிலேயே அடக்கிவிட்டாலும், எழுத்துத்தமிழ் அல்ல, இல்லை என்ற வேறுபாட்டை இன்னும் காத்து வருகிறது. எனவே இந்தப் பாடத்துக்குத் தமிழரிடம் புதிதாகச் சொல்லித்தர ஒன்றும் இல்லை. இருப்பதை நினைவூட்டினால் போதும். பயிற்சி ஏட்டில் இதற்கென ஒதுக்கப்பட்ட பக்கம் மிக நன்றாக அமைந்திருக்கிறது. ஒரு வீட்டின் படத்தைக் கொடுத்து, அதில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை, இருப்பவர் யார் அல்லர் என்று மூன்று கேள்விகளையும் மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். ஒரே விதியை இருபது முறை எழுதவைப்பதைவிட இந்த முறை எத்தனையோ மேல்.

பெயரடையிலும் இதே ஒற்றுமை இருக்கிறது. ‘நஜ் ஹாஸக்’ என்றால் பெரிய வீடுகள். ‘அ ஹாஸக் நஜொக்’ என்றால் அந்த வீடுகள் பெரியவை. பெயருக்கு முன்னால் நிற்கும்போது பெயரடை மாறாமல் இருக்கிறது. பயனிலையாக வரும்போது பன்மை ஏற்கிறது. எண்ணுப்பெயருக்குப் பின் பன்மை விகுதி வராது: ‘கேத் ஹாஸ்’, இரண்டு வீடு. அடுத்த இருக்கையில் இருந்த ஸ்பானிய மாணவர் பெயரடைக்கெல்லாம் பன்மை சேர்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய தாய்மொழி அப்படித்தான் பழக்கியிருக்கிறது. ஆங்கிலம் வழியாக மட்டும் விளக்குவதன் குறைபாடு இத்தகைய இடங்களில் வெளிப்படுகிறது. உங்கள் மொழியில் இது எப்படி என்று ஒவ்வொருவரையும் ஒருமுறை கேட்டிருந்தால் போதும், விளக்கத்தின் பாதி அவரவர் வாயிலிருந்தே வந்திருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஒற்றுமைகளைப் பார்த்ததும் தமிழுக்கும் ஹங்கேரிய மொழிக்கும் குருதி உறவு உண்டென்று முடிவுகட்ட மனம் பரபரக்கும். கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளைச் சித்தியம் என்று அவர் அழைத்த, ஹங்கேரிய மொழியின் இனத்தையும் உள்ளடக்கிய பெருந்தொகுதியோடு ஒப்பிட்டார் என்பதும் உண்மை. ஆனால் ஹங்கேரிய மொழி யுராலியக் குடும்பத்தின் உக்ரியக் கிளையைச் சேர்ந்தது. அதன் நெருங்கிய உறவு மொழிகளான காந்தியும் மான்சியும் மேற்குச் சைபீரியாவில் பேசப்படுகின்றன. திராவிடத்தோடு குடும்ப உறவு நிறுவப்படவில்லை. இரண்டும் ஒட்டுநிலை மொழிகள், அதாவது சொல்லின் பின்னே உருபுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிப் பொருளைக் கூட்டுபவை என்பதால் அமைப்பு ஒத்துப்போகிறது. கற்பவருக்கு அந்த அளவே போதும்.

இட உருபுகளை இவ்வகுப்பு கற்பிக்கும் முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஏனெனில் அது எல்லா நல்ல வகுப்புகளிலும் உள்ளதுதான். உள்ளே, மேலே, அருகே என்ற மூன்று இடங்கள். ஒவ்வொன்றிலும் இருத்தல், விலகுதல், சேர்தல் என்ற மூன்று நிலைகள். ஆக ஒன்பது உருபுகள். வீட்டுக்குள் ‘ஹாஸ்பன்’, வீட்டுக்குள்ளிருந்து ‘ஹாஸ்போல்’, வீட்டுக்குள்ளே நோக்கி ‘ஹாஸ்ப’. ஒரு பெட்டி, ஒரு மேசை, ஆசிரியை ஆகிய மூன்றையும் வைத்து ஒரு சாவியை அங்குமிங்கும் நகர்த்திக் காட்டியே ஒன்பதையும் ஒரே மாலையில் முடித்துவிட்டார்கள். சொல்லில் உள்ள உயிருக்கு ஏற்ப உருபின் உயிரும் மாறும் என்ற உயிரிசைவு விதி இதனோடு சேர்ந்தே வருகிறது: ‘ஹாஸ்பன்’ ஆனால் ‘கெர்த்பென்’, தோட்டத்துக்குள். ஊர்ப்பெயர்களில் மட்டும் விதி மனப்பாடத்துக்கு உரியது. ஹங்கேரிய ஊர்கள் பெரும்பாலும் ‘மேல்’ உருபை ஏற்கின்றன, ‘புதபெஷ்தென்’ என்பதுபோல. அயல்நாட்டு ஊர்கள் ‘உள்’ உருபை ஏற்கின்றன, ‘சென்னைபன்’ என்பதுபோல. அதற்குள்ளும் தெப்ரெட்ஸென் போன்ற உள்நாட்டு ஊர்கள் சில விலகி ‘தெப்ரெட்ஸென்பென்’ என்று உள் உருபையே கேட்கின்றன.

வகுப்பின் உயிர்நாடி அதற்கடுத்த பாடம். இறந்தகால வினை முறையாகக் கற்பிக்கப்படுவதற்கு முன்பே, ஆசிரியை ஒரே ஒரு இறந்தகால வாக்கியத்தைத் தடித்த அட்டைகளில் எழுதிக் கொண்டுவந்து மேசையில் பரப்பினார். ‘பேதெர்’, ‘மெக்’, ‘இத்த’, ‘அ காவேத்’ என்று நான்கு அட்டைகள். ‘இத்த’ என்பது குடித்தான். ‘அ காவேத்’ என்பது அந்தக் காபியை. ‘அ’ சுட்டு, இறுதியில் உள்ள தகரம் செயப்படுபொருள் உருபு. ‘மெக்’ என்பது வினையின் முன்னொட்டு. செயல் முடிந்துவிட்டதைக் காட்டுவது, ஏறத்தாழ நம் ‘விட்டான்’ செய்யும் வேலையைச் செய்வது. மெக், இத்த இரண்டும் ஒட்டிக்கொண்டு ‘பேதெர் மெகித்த அ காவேத்’ என்று வந்தால், பேதெர் காபியைக் குடித்துவிட்டான் என்ற வெறும் செய்தி.

பிறகு அவர் ‘கி இத்த மெக் அ காவேத்?’ என்று கேட்டார். யார் குடித்தது? கேட்டுக்கொண்டே ‘மெக்’ அட்டையை மட்டும் எடுத்து ‘இத்த’வுக்குப் பின்னால் வைத்தார். ‘பேதெர் இத்த மெக் அ காவேத்.’ இப்போது பொருள், பேதெர்தான் காபியைக் குடித்தான், வேறு யாரும் இல்லை. ஒரு சொல்லும் கூடவில்லை, ஓர் உருபும் மாறவில்லை. வினைக்கு நேர் முன்னால் இருக்கும் இடம் காலியாகி, அங்கே பேதெர் அமர்ந்ததும் ‘தான்’ பிறந்துவிட்டது. அடுத்து அவர் காபி அட்டையை அந்த இடத்துக்கு நகர்த்தினார்: ‘அ காவேத் இத்த மெக் பேதெர்.’ பேதெர் குடித்தது காபியைத்தான், தேநீரை அல்ல. கடைசியாக ‘நெம்’ என்ற புதிய அட்டையை அதே இடத்தில் வைத்தார்: ‘பேதெர் நெம் இத்த மெக் அ காவேத்.’ பேதெர் காபியைக் குடிக்கவில்லை. வினாச்சொல், அழுத்தம் பெறும் சொல், எதிர்மறைச் சொல் ஆகிய மூன்றுமே வினைக்கு முன்னுள்ள அந்த ஒரே இடத்துக்குத்தான் போட்டியிடுகின்றன, அவற்றுள் ஒன்று வந்து அமர்ந்தால் முன்னொட்டு எழுந்து பின்னால் போகிறது என்பதை விளக்கவுரை ஏதுமின்றி அட்டைகளே சொல்லிவிட்டன.

ஹங்கேரிய மொழியில் சொற்களை எந்த வரிசையிலும் வைக்கலாம் என்று பல தொடக்க நூல்கள் எழுதுகின்றன. இதைவிடக் கேடான அறிவுரை கிடையாது. எந்த வரிசையும் இலக்கணப்பிழை ஆகாமல் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு வரிசையும் வேறொரு கேள்விக்கு விடை. குறிப்பாகத் தமிழர் இதைக் கவனிக்க வேண்டும். நம் வழக்கப்படி எழுவாய், செயப்படுபொருள், வினை என்று அடுக்கி ‘பேதெர் அ காவேத் இத்த மெக்’ என்று சொன்னால், அது பிழையற்ற வாக்கியம்தான். ஆனால் நாம் சொல்ல நினைத்த சாதாரணச் செய்தி அதில் இல்லை. செயப்படுபொருள் வினைக்கு முன்னிடத்தைப் பிடித்துக்கொண்டதால், காபியைத்தான் குடித்தான் என்று எதையோ மறுப்பதுபோல் கேட்பவர் காதில் விழும். வினையைக் கடைசியில் வைக்கும் பழக்கத்தை நாம் கூட்டிக்கொண்டு வருவதால், உருபு எதையும் தவறவிடாமலே தவறான பொருளைச் சொல்லிவிடும் வாய்ப்பு நமக்கு அதிகம். இந்த ஒரு பாடத்துக்காகவே இவ்வகுப்பைப் பரிந்துரைப்பேன். ஆம், இல்லை என்று விடை வரும் வினாக்களைப் பற்றியும் இதே மாலையில் சொல்லித்தருகிறார்கள்: சொல்வரிசை மாறாது, நம் ‘ஆ’ போல் விகுதியும் வேண்டாம், ஈற்றயல் அசையில் குரல் ஏறிக் கடைசி அசையில் இறங்கினால் அது வினா. இதைக் காதால் மட்டுமே கற்க முடியும், எனவே பாடத்தோடு வரும் ஒலிப்பதிவுகளைக் கேட்காமல் விடக்கூடாது.

பெரிய குறையும் இதே பாடத்தில்தான் தொடங்குகிறது. எதைக் குடித்தான் என்பதற்கு ஆசிரியை எழுதிய வினா ‘மித் இவொத் மெக் பேதெர்?’ என்பது. வினாவில் ‘இவொத்’, விடையில் ‘இத்த’. இரண்டும் குடித்தான் என்றே பொருள்படும். இந்த மாற்றம் ஏன் என்று வகுப்பில் இருவர் உடனே கேட்டார்கள். அது பின்னால் வரும் என்று சொல்லி ஆசிரியை நகர்ந்துவிட்டார். பின்னால் என்பது பருவத்தின் கடைசி வாரங்கள். ஹங்கேரிய வினைக்கு இரண்டு வாய்பாடுகள், அதாவது இரண்டு விகுதி வரிசைகள் உண்டு. செயப்படுபொருள் இல்லாதபோதும், அது குறிப்பற்றதாக இருக்கும்போதும் ஒன்று. இன்னது என்று குறித்துச் சொல்லக்கூடிய பொருளாக இருக்கும்போது மற்றொன்று. ‘ஒல்வஷொக் எஜ் ஊய்ஷாகொத்’, ஒரு செய்தித்தாள் படிக்கிறேன்; ‘ஒல்வஷொம் அஸ் ஊய்ஷாகொத்’, அந்தச் செய்தித்தாளைப் படிக்கிறேன். வினையின் கடைசி மெய் மட்டும் மாறியிருக்கிறது. எது என்றே தெரியாததால்தான் கேட்கிறோம், ஆகவே ‘மித்’ என்ற வினாச்சொல்லோடு குறிப்பற்ற வடிவம் வருகிறது. இதை அந்த மாலையே இரண்டு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம்.

தமிழருக்கு இது இன்னும் எளிது என்பதுதான் வருத்தம் தருகிறது. ‘செய்தித்தாள் படிக்கிறேன்’ என்பதற்கும் ‘செய்தித்தாளைப் படிக்கிறேன்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் ஐ உருபைக் கொண்டு காட்டுகிறோம். ஹங்கேரியர் செயப்படுபொருளின் தகரத்தை எப்போதும் போட்டுவிட்டு, அதே வேறுபாட்டை வினையில் காட்டுகிறார்கள். ‘ஊய்ஷாகொத் ஒல்வஷொக்’ என்று சுட்டோ ‘ஒரு’வோ இல்லாமல் பெயரை வினைக்கு முன்னால் ஒட்டிச் சொல்வதுகூட நம் ‘செய்தித்தாள் படிக்கிறேன்’ போலவேதான் ஒலிக்கிறது. இந்தப் பாடத்தைத் தள்ளிப்போடுவதால் நடுவில் பல வாரங்கள் மாணவர்கள் ‘அந்த’ என்ற சுட்டோடு வரும் செயப்படுபொருளையே தவிர்த்துப் பேச வேண்டியிருக்கிறது, அல்லது காரணம் தெரியாமல் கிளிப்பிள்ளையாய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது. காபிக்கடையில் ‘எஜ் காவேத் கேரெக்’, ஒரு காபி வேண்டும் என்று சொல்வதோடு நின்றுவிட நேர்கிறது. மேலும் நான் உன்னை என்ற உறவுக்கு மட்டும் உரிய தனி விகுதியை, ‘வார்லக்’, நான் உனக்காகக் காத்திருக்கிறேன் என்பதில் வருவதை, ஒரு பெட்டிச் செய்தியாக மட்டும் அச்சிட்டிருக்கிறார்கள். என்னை, உன்னை என்பவை குறிப்பான பொருள்களாகத் தோன்றினாலும் அவற்றோடு குறிப்பற்ற வாய்பாடே வரும் என்ற விதியும் விளக்கப்படவில்லை. இரண்டாம் பதிப்பில் இந்தப் பாடத்தைப் பாதிக்கு முன் கொண்டுவருவது இன்றியமையாதது.

உடைமையைப் பற்றிய பாடம் சுருக்கமாக, தெளிவாக இருக்கிறது. உடையவர் என்ற பொருளில் தனி வினை இம்மொழியில் வாக்கியத்தை நடத்துவதில்லை. ‘பேதெர்நெக் வன் அவுதோய’, பேதெருக்குக் கார் உண்டு என்று நான்காம் வேற்றுமையைக் கொண்டே சொல்கிறார்கள். நம் வாக்கியத்திலிருந்து ஒரே வேறுபாடு, காரின் மேலும் அவனுடையது என்ற விகுதி ஒட்டியிருக்க வேண்டும் என்பது. எனக்கு என்றால் ‘வன் அவுதோம்’. இல்லை என்றால் ‘நிஞ்ச் அவுதோம்’. மரியாதை வடிவத்துக்கு மட்டும் ஒதுக்கிய நேரம் போதவில்லை. நலமா என்று நண்பரிடம் ‘ஹொஜ் வஜ்?’ என்றும், பெரியவரிடம் ‘ஹொஜ் வன்?’ என்றும் கேட்கிறார்கள். முன்னிலையில் இருப்பவரைப் படர்க்கை வினையால் மதிக்கும் இவ்வழக்கைக் கடைகளிலும் அலுவலகங்களிலும் நாள்தோறும் எதிர்கொள்கிறோம். ஆனால் ஏட்டில் எல்லா உரையாடல்களும் நண்பர்களுக்கிடையே நடப்பவையாகவே உள்ளன.

இவ்வகுப்பில் சேர முடியாதவர்களுக்கு வேறு வழிகளும் உள்ளன. அமெரிக்க வெளியுறவுப் பணி நிறுவனம் 1960களில் தன் அலுவலர்களுக்காக உருவாக்கிய அடிப்படை ஹங்கேரியப் பாடம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு வாக்கியத்தில் ஒரே சொல்லை மாற்றி மாற்றிச் சொல்லவைக்கும் பழைய பயிற்சி முறை அது. தனியே படிப்பவருக்குச் சலிப்பூட்டினாலும் வாய்ப்பழக்கத்துக்கு அதற்கு இணை குறைவு. அதே நிறுவனம், ஆங்கிலம் பேசுவோர் ஹங்கேரிய மொழியில் பணிக்குத் தக்க தேர்ச்சி பெற ஏறத்தாழ 44 வாரங்கள், 1100 வகுப்பு மணி நேரம் தேவை என்று கணக்கிடுகிறது. மாலை வகுப்பின் ஒரு பருவம் அதில் மிகச் சிறு பங்கு என்பதைச் சேருமுன் உணர்ந்திருப்பது நல்லது. கோடை விடுமுறையைச் செலவிட முடிந்தவர்கள் தெப்ரெட்ஸெனில் 1927 முதல் நடந்துவரும் கோடைப் பல்கலைக்கழகத்தைக் கருதலாம். அயல்நாட்டவருக்கு ஹங்கேரிய மொழியும் பண்பாடும் கற்பிப்பதே அதன் பணி.

வேலைக்கோ படிப்புக்கோ புடாபெஸ்ட் வந்து, தெருவில் கேட்கும் வாக்கியம் ஏன் அப்படி அமைந்திருக்கிறது என்று அறிய விரும்பும் எவருக்கும் இவ்வகுப்பைத் தயங்காமல் சொல்வேன். தேர்வுக்காக மட்டும் படிப்பவருக்கு இதன் நிதானம் பொருந்தாது. சேருகிறவர்கள் முதல் வாரத்திலேயே பயிற்சி ஏட்டின் பின்பகுதியிலுள்ள இரட்டை வாய்பாட்டு அட்டவணையைப் பிரதியெடுத்து, ஐ உருபு வரும் தமிழ் வாக்கியங்கள் சிலவற்றையும் வராதவை சிலவற்றையும் அதன் எதிரே எழுதி வைத்துக்கொள்ளலாம். அட்டைப் பாடம் வரும் மாலையில் ‘இவொத்’, ‘இத்த’ என்ற கேள்வி எழும்போது அந்தத் தாள் கையில் இருக்கும்.